அடிச்சவன் ஜெயிச்சான்... அடிபட்டவன் என்ன ஆனான்?



இந்தச் சுவர்ப் பத்திரிகையில் வழக்கமா நான் விடுகதையும் கடி ஜோக்கும்தான் எழுதுவேன். இந்த முறை கொஞ்சம் சீரியஸான விஷயம். ஒரு முழுச் சார்ட்டையும் எனக்கே ஒதுக்கித் தந்த ஆசிரியர் குழுவுக்கு நன்றி. மதிய இடைவேளையில் பாதி, சாயங்காலம் மணி அடிச்சதும் மீதின்னு படிச்சாலும் சரி. ஆனா தயவுசெய்து முழுசா படிங்க.

போன கால் பரீட்சை லீவில் எங்க வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிடறேன்.

என் தம்பி நாலாம் வகுப்பு. எதிர்வீட்டுப் பையனும் அதே வகுப்பு. இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்த மாதிரி சுத்துவானுங்க. அன்னைக்கு மத்தியானம் ஆச்சி கூடத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. உள் அறையில் இவனுங்க இரண்டு பேரும் கட்டிலைச் சுத்தி அம்மாவோட பழைய சேலையைக் கட்டி 'ரிங்' அமைச்சிருக்கானுங்க. மெத்தை மேல ரெஸ்லிங்! தம்பி அவன் கழுத்தைப் பிடிச்சு ஒரு தள்ளு தள்ளியிருக்கான். டிவியில் அதுக்குப் பேரு 'சோக்ஸ்லாம்'. அந்தப் பையன் மெத்தையில் விழலை. சேலைக் கயிறு அவுந்து, கட்டிலைத் தாண்டி சிமெண்ட் தரையில் விழுந்தான். கையை ஊன்றி விழுந்ததில் முழங்கைக்குக் கீழே எலும்பில் விரிசல். வலது கை. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"கைன்னு போச்சு, கழுத்தா இருந்தா?" என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டாராம். அதைச் சொல்லும்போதே அம்மாவுக்குக் குரல் நடுங்கிச்சு.

அன்னைக்கு ராத்திரி தம்பி தூங்கலை. அழுதுகிட்டே என்கிட்ட ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, டிவில விழுந்தவன் எந்திரிச்சிருவாம்லா? இவன் ஏன் எந்திரிக்கல?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நூலகத்திலும் கம்ப்யூட்டர் லேபிலும் கொஞ்ச நாள் உட்கார்ந்தேன். கிடைச்சதை உங்களோடு பகிர்ந்துக்கறேன்.

விழுந்தவன் எப்படி எழுந்தான்?

முதலில் அந்த ரெஸ்லிங்கையே எடுத்துக்குவோம். 2002 வரைக்கும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று பேர். அதன்பிறகு டபிள்யூ.டபிள்யூ.இ. எங்க மாமா படிச்ச காலத்தில் ட்ரம்ப் கார்டு வெச்சு விளையாடுவாங்களாம். இப்ப ஃபோனிலேயே பார்க்கிறோம். இதில் யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடறாங்க. 'இது பொழுதுபோக்கு நிகழ்ச்சி' என்று 1989-லேயே அந்த நிறுவனம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில சட்டமன்ற மேலவையில் ஒத்துக்கிட்டது.

அந்த ரிங்கின் தரையும் நம்ம வீட்டுத் தரை மாதிரி இல்லை. இரும்புச் சட்டம், அதுமேல மரப்பலகை, அதுமேல மெல்லிய ஸ்பாஞ்ச், அதுமேல கித்தான் துணி. ஆள் விழும்போது பலகை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். 'டமார்' சத்தமும் பெரிசா கேட்கும். விழறவருக்கு விழுறதுக்கே தனிப் பயிற்சி உண்டு. தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கிட்டு, முதுகு முழுசும் ஒரே நேரத்தில் தரையில் படற மாதிரி விழணும். சோக்ஸ்லாம் போடும்போது கழுத்தைப் பிடிச்சவர் மட்டும் தூக்குறதில்லை. தூக்கப்படறவரும் எம்பிக் குதிச்சு உதவி செய்வார்!

இத்தனை பயிற்சி இருந்தும் ஆபத்துதான். 1997 ஆகஸ்டில் நடந்த ஒரு போட்டியில் ஸ்டோன் கோல்டு ஸ்டீவ் ஆஸ்டின் என்கிற பிரபல வீரரை எதிராளி தலைகீழாகப் பிடிச்சு இறக்கினார். கணக்கு கொஞ்சம் தப்பி, தலை தரையில் மோதி, கழுத்தில் பலமான அடி. சிறிது நேரம் கை கால் அசையவில்லை. கழுத்துப் பிரச்சினை தீராமல் 2003-இல் அவர் தொடர்ந்து ஆடுவதையே நிறுத்த வேண்டியதாயிற்று. 'வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்' என்று அவர்களே எச்சரிக்கை போடுகிறார்கள். ஆனா நாலாம் வகுப்புப் பையன் அந்த எச்சரிக்கை வரும்போது தண்ணி குடிக்கப் போயிருப்பான்!

சினிமாவும் இப்படித்தான். ஹீரோ ஓர் உதை விட்டா பத்துப் பேர் பறக்குறாங்க. இடுப்பில் கம்பி, கீழே மெத்தை, ஆபத்தான இடத்தில் 'டூப்'. உயிரைப் பணயம் வெச்சு நடிக்கிற அந்த ஸ்டண்ட் கலைஞர்களுக்கு நிஜமாவே அடிபடும். படத்தில் மட்டும் யாருக்கும் வலிக்காது. கார்ட்டூனில் இன்னும் மோசம். டாம் பூனை தட்டு மாதிரி நசுங்கும். அடுத்த நொடியே எழுந்து ஜெர்ரியைத் துரத்தும். நானும் சிரிச்சிருக்கேன். நீங்களும் சிரிச்சிருப்பீங்க.

இதில் நான் கவனிச்சது ஒன்றுதான். டிவியில் அடி காட்டுறாங்க, கைத்தட்டல் காட்டுறாங்க. அடிபட்டவனோட மறுநாளைக் காட்டுறதே இல்லை! மாவுக்கட்டு இல்லை. ஆஸ்பத்திரி வராந்தா இல்லை. பஸ்ஸுக்குக் காசு எண்ணுற அம்மா இல்லை. எதிர்வீட்டுக்காரங்க முகத்தைப் பார்க்க முடியாம நிற்கிற அப்பா இல்லை. கதை அடிச்சவனோடேயே போயிடுது. அடிபட்டவனைக் கேமரா திரும்பிப் பார்க்கிறதே இல்லை.

பொம்மையும் மிட்டாயும்

ஆல்பர்ட் பந்துரா (1925–2021) என்று ஒரு உளவியல் அறிஞர். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1961-இல் அங்குள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகள் 72 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார். நம்ம தஞ்சாவூர்ப் பொம்மை எவ்வளவு சாய்ச்சாலும் நிமிர்ந்துக்கும் இல்லையா? அது மாதிரி ஒரு பெரிய காற்றடைத்த பொம்மை. குழந்தைகளில் ஒரு பகுதியினர் முன்னால் பெரியவர் ஒருவர் அந்தப் பொம்மையைக் குத்துகிறார், உதைக்கிறார், மரச் சுத்தியலால் அடிக்கிறார். பிறகு குழந்தைகளை விளையாட விட்டால், பார்த்த குழந்தைகளில் பலர் அதே மாதிரி, சில சமயம் அதே வார்த்தையைச் சொல்லிக்கிட்டே அடித்தார்கள். பார்க்காத குழந்தைகள் அப்படிச் செய்தது குறைவு. 1963-இல் இதையே சினிமாவாகக் காட்டிப் பார்த்தார். சினிமாவைப் பார்த்தும் அடித்தார்கள்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதுக்கு அப்புறம் வந்த 1965 சோதனை. இந்தத் தடவை படத்துக்கு மூன்று முடிவு. முதல் முடிவில், பொம்மையை அடித்தவருக்கு இன்னொருவர் வந்து பாராட்டி மிட்டாயும் குளிர்பானமும் கொடுக்கிறார். இரண்டாவதில் திட்டும் தண்டனையும் கிடைக்கிறது. மூன்றாவதில் யாரும் ஒண்ணுமே சொல்லலை. தண்டனை முடிவைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். சரி, இது எதிர்பார்த்ததுதான். ஆனா 'யாரும் ஒண்ணும் சொல்லலை' முடிவைப் பார்த்த குழந்தைகளும், மிட்டாய் முடிவைப் பார்த்த குழந்தைகளும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு அடித்தார்கள்!

அதாவது, சும்மா இருந்தாலே மிட்டாய் கொடுத்த மாதிரிதான்!

கடைசியாக, "படத்தில் பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்று சொன்னதும் மூன்று குழுவுமே ஒரே மாதிரி செய்து காட்டினார்கள். தண்டனையைப் பார்த்து அடங்கியிருந்த குழந்தைகளும்கூட பாடத்தை மனசுக்குள்ள கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். வெளியே வர ஒரு மிட்டாய்தான் தேவைப்பட்டது.

இதைப் படிச்சதும் புத்தகத்தை மூடி வெச்சிட்டேன். ஏன்னா, இதுவரைக்கும் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கு. இங்கே எழுதிடறேன்.

அந்த விபத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தம்பி தலையணையைக் கழுத்தைப் பிடிச்சுத் தூக்கி மெத்தையில் அடிச்சான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரெஃப்ரி மாதிரி மெத்தையைத் தட்டி "ஒன்னு... ரெண்டு... மூணு!" எண்ணினேன். கை தட்டினேன். "ஏல சூப்பர்லே!" என்றேன். அவன் முகம் அப்படி மலர்ந்தது. மறுநாள் தலையணைக்குப் பதில் எதிர்வீட்டுப் பையன்.

வீட்டில் எல்லாரும் டிவியைத் திட்டினாங்க. கேபிளைக் கட் பண்ணணும்னு அப்பா கத்தினார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். டிவி கற்றுக்கொடுத்தது உண்மை. ஆனா அந்த மிட்டாயைக் கொடுத்தது நான்தான்.

"நாங்கல்லாம் பார்த்து வளரலையா?"

இதை எங்க மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிச்சார். "ஏம்ல, நாங்கல்லாம் பார்த்து வளரலையா? 1997-ல சக்திமான் வந்தப்போ நானும்தான் கையைத் தூக்கிட்டு கிறுகிறுன்னு சுத்தி விழுந்தேன். கெட்டா போயிட்டேன்?" என்றார்.

மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கு. பார்க்கிற எல்லாரும் முரடர்கள் ஆகிறதில்லை. வன்முறை வர வீட்டுச் சண்டை, வறுமை, அடி வாங்கி வளர்றதுன்னு எத்தனையோ காரணம் உண்டு. டிவி எவ்வளவு காரணம் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடும் உண்டு. ஆனா 'ஒண்ணுமே இல்லை'ன்னு தள்ளிடவும் முடியாது. அமெரிக்காவில் 1977-இல் 6 முதல் 10 வயது வரை இருந்த 557 குழந்தைகளிடம் என்ன நிகழ்ச்சி பார்க்கிறார்கள் என்று கேட்டார்கள். 15 வருஷம் கழித்து அவர்களில் 329 பேரைத் தேடிப் பிடித்தார்கள். 2003-இல் முடிவு வெளியானது. சின்ன வயதில் வன்முறை நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தவர்களிடம் பெரியவர்களான பிறகும் முரட்டுத்தனம் கூடுதலாக இருந்தது. முக்கியமா, அடிக்கிற கதாபாத்திரத்தைத் 'தான்' என்று நினைத்துக்கொண்ட குழந்தைகளிடமும், டிவியில் காட்டுவதெல்லாம் நிஜம் என்று நம்பிய குழந்தைகளிடமும் அது தெரிந்தது. என் தம்பியின் கேள்வியைத் திரும்பப் படிங்க. 'டிவில விழுந்தவன் எந்திரிச்சிருவாம்லா?' அவன் அதை நிஜம்னு நம்பியிருக்கான்!

இன்னும் இரண்டு ஊர்க்கதை சொல்றேன். கனடாவில் ஒரு சிற்றூர். மலை மறைத்ததால் 1973 வரை அங்கே டிவி சிக்னலே கிடைக்கலை. டிவி வருவதற்கு முன்னாலும், வந்து இரண்டு வருஷம் கழிச்சும், பள்ளி மைதானத்தில் குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். அடிதடியும் திட்டுவதும் கூடியிருந்தது.

அடுத்து செயின்ட் ஹெலினா தீவு. நெப்போலியனைச் சிறை வைத்த அதே தீவுதான். சுமார் 5,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவுக்கு 1995-இல்தான் டிவி ஒளிபரப்பு வந்தது. அங்கேயும் பள்ளி மைதானத்தில் கேமரா வைத்து, டிவிக்கு முன், டிவிக்குப் பின் என்று பார்த்தார்கள். என்ன ஆச்சரியம்! குழந்தைகளின் நடத்தை கெடவில்லை. ஏன்? அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒரு பையன் தெருவில் கையை ஓங்கினா அவன் பாட்டிக்குச் செய்தி போகும். வீடும் பள்ளியும் ஊரும் குழந்தைகள் மேல் ஒரு கண் வைத்திருந்ததுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள்.

ஒரே டிவிதான். ஓர் ஊரில் ஒரு விளைவு, இன்னோர் ஊரில் வேற விளைவு. டிவி முன்னால் உட்கார்ந்த குழந்தைக்குப் பக்கத்தில் யார் இருந்தாங்க, என்ன சொன்னாங்க என்பதுதான் வித்தியாசம். என்னைப் பொறுத்தவரை இதுதான் விஷயமே!

நம்ம பள்ளியைப் பார்ப்போம்

இனி கொஞ்சம் கசப்பானதைச் சொல்லணும். போன மாதம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேர் சண்டை போட்டாங்க. பேர் வேண்டாம். இரண்டு பேருமே இப்ப சமாதானமாகி ஒண்ணா டிபன் சாப்பிடறாங்க. நான் கேட்கிறது மற்றவங்களைப் பற்றி. ஐம்பது பேர் வட்டம் போட்டு நின்றோமே! "விடாதலே... போடு!" என்று கத்தினது யாரு? அந்த வட்டமும் ஒரு ரிங்தானே? அடிச்சவனுக்கு மிட்டாய் கொடுத்தது நாமதானே? கத்தாம வேடிக்கை பார்த்தவங்களும் தப்பிக்க முடியாது. மூன்றாவது முடிவு ஞாபகம் இருக்கட்டும்.

இருவரில் ஒருவன் பிறகு என்னிடம் சொன்னான்: "எனக்கு அடிக்கவே இஷ்டமில்லைண்ணே. எல்லாரும் சுத்தி நின்னாங்க. எப்படி விட்டுட்டு வாரது?"

ஆசிரியப் பெருமக்கள் கோபிக்க வேண்டாம். பணிவோடு ஒரு வார்த்தை. 'தப்பு செஞ்சா அடி' என்பதும் குழந்தை பார்க்கிற ஒரு காட்சிதான். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் அதை மதிக்கிறாங்க. அன்போடு பேசித் திருத்துகிற ஆசிரியர்களும் இங்கே இருக்காங்க. என் சந்தேகம் இவ்வளவுதான்: பெரியவங்க கோபத்தில் கையை ஓங்கும்போது, அதை முதல் பெஞ்சிலிருந்து பார்க்கிற குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்?

அப்ப டிவியை உடைச்சிடலாமா?

வேண்டாம்! எங்க அப்பா கேபிளைக் கட் பண்ணினார். நாலாம் நாள் ஆச்சிக்குச் சீரியல் இல்லாம பொழுது போகலை, திரும்பக் கொடுத்துட்டார். தமிழ்நாட்டில் 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கினதில் இருந்து டிவி இல்லாத வீட்டைப் பார்க்கிறதே அபூர்வம். எங்க ஆச்சிக்குக் கிடைத்த அந்த டிவி பல வருஷம் ஓடியது. இப்ப ஃபோன் வேற. டிவியாவது கூடத்தில் எல்லார் நடுவிலும் இருந்தது. ஃபோன் போர்வைக்குள்ளேயே வந்திடுது. அங்கே குழந்தைக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. அதனால்தான் இதை இப்ப பேசணும்னு நினைக்கிறேன்.

எனக்குத் தோன்றுகிற சில யோசனைகள்:

1. வீட்டில் தம்பி தங்கை டிவி பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்க. அறிவுரை வேண்டாம், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அந்த அடிபட்டவன் நாளைக்கு எப்படி வேலைக்குப் போவான்?" என் தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன். படத்தை விட்டுட்டு அவனே ஒரு கதை சொல்ல ஆரம்பிச்சிட்டான்!

2. சண்டைக் காட்சி எப்படி எடுக்கிறாங்கன்னு சொல்லிக் கொடுங்க. கம்பி, மெத்தை, டூப் எல்லாம் தெரிஞ்சா அது நிஜம்ங்கிற நம்பிக்கை போயிடும். ரசிக்கிறதும் குறையாது.

3. படத்துக்கான சான்றிதழைக் கவனிங்க. 2024 விதிகளின்படி யு/ஏ சான்றில் 7+, 13+, 16+ என்று வயது போட்டிருக்கும். அது பெற்றோருக்கான குறிப்பு. நாலாம் வகுப்புப் பையனுக்கு 16+ படத்தைப் போட்டுவிட்டு அவனைக் குறை சொல்லக்கூடாது.

4. பள்ளியில் எங்கே சண்டை நடந்தாலும் வட்டம் போடாதீங்க. இரண்டு பேர் போய் விலக்கி விடுங்க, ஒருத்தர் ஆசிரியரைக் கூப்பிடுங்க, மீதிப் பேர் கலைஞ்சு போங்க. பார்க்க ஆள் இல்லேன்னா பாதிச் சண்டை தானா நின்னுடும்.

நாலாவது யோசனையை மட்டுமாவது நம்ம பள்ளியில் இந்த மாதத்திலிருந்தே தொடங்கலாமே?

கடைசியாக, எதிர்வீட்டுப் பையன் என்ன ஆனான்னு சொல்லணும். இல்லேன்னா நானும் டிவி மாதிரிதான் ஆயிடுவேன்.

லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்ததும் கட்டோடு வந்தான். வலது கையில் எழுத முடியாது. ஆறு வாரமும் அவனுடைய நோட்டுகளையும் என் தம்பிதான் எழுதினான். தினமும் இரண்டு தடவை, ஒண்ணு தனக்கு, ஒண்ணு அவனுக்கு. கை வலிக்குதுன்னு ஒரு நாளும் சொல்லலை. கட்டுப் பிரிச்ச அன்னைக்கு அந்தப் பையன் கை மெலிஞ்சு, தோல் வெளுத்து இருந்தது. தம்பி அதைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். அந்தப் பையன்தான், "வாலே, வெளியே போவோம்" என்று இழுத்துக்கிட்டுப் போனான்.

அவங்க அம்மா எங்க வீட்டில் மறுபடி பேச ஆரம்பிச்சது அதுக்கும் ஒரு மாசம் கழிச்சுத்தான்.

தம்பி இன்னும் ரெஸ்லிங் பார்க்கிறான். நானும் கூடவே உட்கார்ந்து பார்க்கிறேன். யாராவது விழுந்தா இப்ப நான் எண்ணுறதில்லை. தம்பியே சொல்றான்: "அண்ணே, அவரு தாடையை நெஞ்சோட சேர்த்துக்கிட்டாரு, பாத்தியா?"

நண்பர்களே, டிவி என்ன காட்டணும்னு நாம முடிவு பண்ண முடியாது. எதுக்குக் கை தட்டணும்னு நாம முடிவு பண்ணலாம். சிந்திப்போம்!

– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்